கப்பலுக்கு எந்த எரிபொருள்?

நம் நாட்டின் வெளிநாட்டு வாணிகத்தில், எடைக் கணக்கில் ஏறத்தாழ 95 சதவிகிதம் கடல் வழியாகவே நடைபெறுகிறது. டில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை எண்ணிப் பார்ப்போம். சாம்பாருக்கு இடும் துவரம் பருப்பில் ஒரு பகுதி மியான்மரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கப்பலேறி வருகிறது. அப்பளம் பொரிக்கும் எண்ணெயில் ஒரு பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. அடுப்பில் எரியும் வாயுவிலும் பெரும்பகுதி கடல் கடந்து வந்ததே. கடலையே காணாமல் வடபுலத்தில் வாழ்கிறவர்களும் நாள்தோறும் கப்பலை நம்பியே உண்கிறோம் என்றால் அது மிகையாகாது.

அக்கப்பல்களை ஓட்டுவது எது? எஞ்சின். எஞ்சினை ஓட்டுவது எது? எண்ணெய். அந்த எண்ணெய் எரிவதால் எழும் புகை என்ன ஆகிறது? சர்வதேசக் கடல்சார் நிறுவனத்தின் கணக்குப்படி, 2018-ஆம் ஆண்டில் உலகக் கப்பல்கள் வெளியிட்ட கரியமில வாயு 105 கோடி டன்னுக்குச் சற்று மேல். மனிதர் செயலால் உண்டாகும் கரியமில வாயுவின் மொத்தத்தில் இது ஏறக்குறைய 3 சதவிகிதம். ஒரு பெரிய தேசம் வெளியிடும் அளவைக் கப்பல்கள் மட்டுமே வெளியிடுகின்றன. இதைக் குறைப்பதற்காக, ஒன்றுக்கு மேற்பட்ட எரிபொருளை ஏற்கும் எஞ்சின்கள் இப்பொழுது கப்பல்களில் பொருத்தப்பட்டு வருகின்றன. அவை எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, அவற்றால் உண்மையாகவே புகை குறையுமா என்பவற்றை இன்று ஆராய்வோம்.

கப்பலின் எரிபொருள் மாறுவது இது முதல் முறையன்று. பாய்மரக் கப்பலுக்குக் காற்றே துணை. அதற்கு விலையில்லை, புகையுமில்லை. ஆனால் அது வரும்போதுதான் வரும். நீராவி யந்திரம் வந்தபின் மாலுமி காற்றுக்குக் காத்திருக்க வேண்டாதவனானான். அதற்கு ஈடாக நிலக்கரிக்கு அடிமையானான். 1906-இல் வ. உ. சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடச் செய்த காலியா, லாவோ என்னும் கப்பல்களும் நீராவிக் கப்பல்களே. அக்காலத்துக் கப்பலின் அடித்தளத்தில், கொதிகலனின் வாயில் நின்று ஓயாது கரியை வாரிப் போட்ட தொழிலாளரின் உழைப்பினால்தான் கடல் வாணிகம் நடந்தது.

இதற்கிடையே ஜெர்மானியப் பொறியியல் அறிஞரான ருடால்ஃப் டீசல், 1897-இல் அவுக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றியுற இயக்கிக் காட்டினார். காற்றை மிகவும் அழுத்தினால் அது கடுஞ்சூடாகிறது. அச்சூட்டில் எரிபொருளைத் தெளித்தால், பொறியின் உதவியின்றித் தானே பற்றிக்கொள்கிறது. இதுவே டீசல் எஞ்சினின் தத்துவம். இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. 1900-இல் பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு சிறு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயினால் ஓட்டிக் காட்டப்பட்டது. ஆகவே, பல எரிபொருளை ஏற்கும் இயல்பு டீசல் எஞ்சினுக்குப் பிறவியிலேயே உண்டு எனலாம். பின்னர் பெட்ரோலிய எண்ணெய் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைத்ததால், அவ்வியல்பு நெடுங்காலம் தேவைப்படாமல் கிடந்தது.

1912-இல் டென்மார்க்கில் கட்டப்பட்ட 'செலாந்தியா' என்னும் கப்பல், டீசல் எஞ்சினால் பெருங்கடலைக் கடந்து பாங்காக் துறைமுகம் வரை சென்று மீண்டது. புகைபோக்கி என்று சொல்லத்தக்க உயர்ந்த குழாய் அதற்கு இல்லை. கரி வாரிப் போடுவோரும் இல்லை. கண்டவர் வியந்தனர். அடுத்த அரை நூற்றாண்டில் நிலக்கரி கடலைவிட்டு மறைந்தது.

நிலக்கரியின் இடத்தைப் பிடித்த எண்ணெயின் தன்மையையும் அறிந்துகொள்ள வேண்டும். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்பொழுது பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் முதலியவை ஒவ்வொன்றாகப் பிரிந்துவிட, அடியில் தார் போன்ற கெட்டியான கழிவு தங்குகிறது. பெரிய கப்பல்கள் எரிப்பது இதனைத்தான். தொழிற்சாலைக்காரர் இதனை ஃபர்னஸ் எண்ணெய் என்பர். இதனைச் சூடாக்கி இளக்கினாலன்றிக் குழாயில் ஓடாது. வடிகட்டிச் சுத்தம் செய்தாலன்றி எஞ்சினுக்கு ஆகாது. இத்தனை தொல்லையும் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் இதன் மலிவு. இதிலுள்ள கந்தகம் எரிந்து நச்சுப் புகையாகித் துறைமுக நகரங்களில் வாழ்வோரின் நுரையீரலைத் தாக்கியது. சர்வதேசக் கடல்சார் நிறுவனம், கப்பல் எண்ணெயில் இருக்கத்தக்க கந்தகத்தின் உச்ச அளவை 3.5 சதவிகிதத்திலிருந்து 0.5 சதவிகிதமாக 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து குறைத்தது. வட ஐரோப்பா, வட அமெரிக்கா முதலிய இடங்களின் கரையோரக் கடல்களில் 2015-ஆம் ஆண்டு முதலே 0.1 சதவிகிதம்தான் வரம்பு. கப்பல்காரர் கந்தகம் குறைந்த எண்ணெய்க்கு மாறினர்; அல்லது புகையைக் கழுவும் கருவியைப் பொருத்திக்கொண்டனர்.

கந்தகத்தை எண்ணெயிலிருந்து நீக்கலாம். கரியை நீக்க முடியாது, ஏனெனில் எரிவதே அதுதான். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 2023 ஜூலையில் சர்வதேசக் கடல்சார் நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் ஒரு குறிக்கோளை ஏற்றுக்கொண்டன. 2008-ஆம் ஆண்டின் அளவோடு ஒப்பிட, 2030-க்குள் குறைந்தது 20 சதவிகிதமும், 2040-க்குள் குறைந்தது 70 சதவிகிதமும் கப்பல்களின் வெப்ப வாயுக்கள் குறைய வேண்டும். 2050-ஐ ஒட்டிய காலத்தில் நிகரம் சுழியாக வேண்டும். இன்று கட்டி மிதக்கவிடும் கப்பல் ஏறக்குறைய 25 ஆண்டுகள் உழைக்கும். அஃதாவது, இவ்வாண்டு கப்பலுக்குப் பணம் கட்டும் முதலாளி, 2050-ஆம் ஆண்டின் எரிபொருளை இன்றே ஊகித்தாக வேண்டும். இயற்கை வாயுவா, மெத்தனாலா, அம்மோனியாவா? எது மலிவாகக் கிடைக்கும், எந்தத் துறைமுகத்தில் கிடைக்கும், எதற்குச் சட்டம் இடங்கொடுக்கும் என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. தவறாக ஊகித்தால், பல நூறு கோடி ரூபாய் பெறுமானமுள்ள கப்பல் பாதி ஆயுளிலேயே பயனற்றுப்போகும்.

நம் வீடுகளிலும் இவ்வகைச் சிக்கலைக் கண்டிருக்கிறோம். விறகடுப்பு, கரியடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, வாயு அடுப்பு என்று ஒவ்வோர் எரிபொருளுக்கும் ஓர் அடுப்பு வேண்டியிருந்தது. ஒன்றில் எரிவதை மற்றொன்றில் எரிக்க இயலாது. ஒரே அடுப்பில் இன்று மண்ணெண்ணெயும் நாளை வாயுவும் எரிக்கலாம் என்று ஒருவர் விற்க வந்திருந்தால், இல்லத்தரசிகள் அவரை வாழ்த்தியிருப்பர். கப்பல் முதலாளிகள் தேடியதும் அத்தகைய அடுப்பையே.

அதன் தொடக்கம் இயற்கை வாயுவை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் நிகழ்ந்தது. இயற்கை வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். அதனைச் சுழிக்குக் கீழே 162 டிகிரி வரை குளிரச் செய்தால் நீர்ம வடிவாகும். 1964-இல் 'மீத்தேன் பிரின்சஸ்' என்னும் கப்பல் அல்ஜீரியாவிலிருந்து இங்கிலாந்துக்கு இவ்வாறு நீர்ம வாயுவைக் கொண்டுசென்றது. எத்துணைச் சிறந்த உறையிட்டாலும், வெளிச் சூடு சிறிதளவு உட்புகுந்து தொட்டியிலுள்ள நீர்மத்தில் ஒரு பகுதியை நாள்தோறும் ஆவியாக்கும். அந்த ஆவியை வீணே வெளியே விடாமல் கொதிகலனில் எரித்து நீராவி உண்டாக்கினர். ஏற்றிய சரக்கே எரிபொருளாகவும் பயன்பட்டது. சரக்கை இறக்கிவிட்டு வெறுந்தொட்டியுடன் திரும்பும்பொழுது ஆவி போதாது. அப்போது எண்ணெயை எரித்தனர். இரண்டையும் எரிக்கும் வழக்கம் கடலில் இங்ஙனம் வேரூன்றியது. நீராவிக்குப் பதில் இரு எரிபொருளை ஏற்கும் எஞ்சின்கள் 2006-ஆம் ஆண்டையொட்டி இவ்வகைப் பெருங்கப்பல்களில் இடம்பெற்றன; பின்னர் மற்றக் கப்பல்களுக்கும் பரவின. 2015-இல் அமெரிக்காவில் கட்டப்பட்ட 'இஸ்லா பெல்லா', நீர்ம வாயுவினால் ஓடிய முதல் சரக்குப் பெட்டகக் கப்பல் என்று பெயர்பெற்றது.

இனி, இந்த எஞ்சின் இயங்கும் விதத்தைக் காண்போம். டீசல் எஞ்சினில் காற்றை அழுத்தி, அதில் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றும் என்றோம். மீத்தேன், மெத்தனால், அம்மோனியா ஆகிய மூன்றும் அவ்வாறு எளிதில் தாமே பற்றமாட்டா. ஆகவே அவற்றுக்கு ஒரு தீக்குச்சி வேண்டும். சிலிண்டருக்குள் முதலில் சிறிதளவு டீசலைத் தெளிக்கிறார்கள். அது சூட்டினால் பற்றிக்கொண்டு, உடனிருக்கும் மற்ற எரிபொருளையும் பற்றவைக்கிறது. வேண்டும் ஆற்றலில் நூற்றுக்கு ஒரு பங்கிலிருந்து சில பங்குவரையே இந்தத் தூண்டு எண்ணெய் தருகிறது. வாயு தீர்ந்தாலோ, குழாயில் பழுது கண்டாலோ, கட்டுப்பாட்டுக் கருவி அதனை உணர்ந்து வாயுவை அடைத்துவிட்டு முழு அளவு டீசலைத் தெளிக்கிறது. கப்பல் நிற்பதில்லை, பயணம் தடைபடுவதில்லை. நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோவதைவிடப் பெரிய ஆபத்து மாலுமிக்கு வேறில்லை. ஆதலின், டீசலுக்கு எந்நேரமும் திரும்பிச் செல்லலாம் என்னும் இவ்வுறுதியே இவ்வகை எஞ்சினின் உயிர்நாடி.

வாயுவை உட்செலுத்துவதில் இரண்டு முறைகள் உண்டு. முதலாவது முறையில், உள்ளே இழுக்கப்படும் காற்றோடு வாயுவைக் குறைந்த அழுத்தத்தில் கலந்துவிட்டு, இரண்டையும் சேர்த்தே அழுத்துகிறார்கள். இது எளியது, பொருட்செலவும் குறைவு, தீ மிதமான சூட்டில் எரிவதால் நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் நச்சும் குறைகிறது. இரண்டாவது முறையில், காற்றை மட்டும் அழுத்திய பின்னர், சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 300 மடங்கு அழுத்தத்தில் வாயுவை உள்ளே பீச்சுகிறார்கள். இதற்கு விலையுயர்ந்த பம்புகளும் உறுதியான குழாய்களும் வேண்டும்; ஆனால் செலுத்திய வாயு அநேகமாக முழுவதும் எரிந்துவிடும்.

முதல் முறையில் உள்ள குறையை இங்கே மறைக்காமல் கூறவேண்டும். காற்றோடு கலந்த வாயு, சிலிண்டரின் இடுக்குகளில் புகுந்து எரியாமல் தங்கிப் புகையோடு வெளியேறிவிடுகிறது. இதனை மீத்தேன் நழுவல் என்னலாம். ஒரே அளவு ஆற்றலுக்கு இயற்கை வாயு, எண்ணெயைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவாகக் கரியமில வாயுவை வெளியிடுகிறது. இது பெரிய ஆதாயமே. ஆனால் எரியாத மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 28 மடங்குக்குக் குறையாமலும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் வெப்பத்தைத் தேக்கும் தன்மையது. 100 கிலோ வாயுவில் 3 கிலோ நழுவினாலே, நூறாண்டுக் கணக்கிலும் அந்த ஆதாயத்தின் பெரும்பகுதி கரைந்துபோகும். ஐரோப்பியச் சட்டம் குறைந்த அழுத்த நான்கு வீச்சு எஞ்சின்களுக்கு 3.1 சதவிகித நழுவல் என்று கணக்கிட்டிருந்தது. தூய போக்குவரத்துக்கான சர்வதேசக் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வில், ஓடும் கப்பல்களின் புகையை நேரில் அளந்தபொழுது சராசரி 6.4 சதவிகிதம் இருக்கக் கண்டனர். புகைபோக்கியில் கரும்புகை காணவில்லை என்பதால் தீங்கும் இல்லை என்று முடிவுகட்டலாகாது என்பதற்கு இது தக்க சான்று. கண்ணுக்குத் தெரியாத வாயுவையும் அளந்தே மதிப்பிட வேண்டும்.

அடுத்து மெத்தனாலைக் கருதுவோம். 2015-இல் சுவீடனுக்கும் ஜெர்மனிக்கும் இடையே ஓடும் 'ஸ்டீனா ஜெர்மானிகா' என்னும் பயணிக் கப்பலின் எஞ்சின்கள் மெத்தனாலையும் ஏற்குமாறு மாற்றியமைக்கப்பட்டன. 2023-இல் 'லாரா மெர்ஸ்க்' என்னும் சரக்குப் பெட்டகக் கப்பல், கொரியாவின் உல்சான் துறைமுகத்திலிருந்து கோபன்ஹேகன் வரை மெத்தனாலைக் கொண்டு வந்துசேர்ந்தது. அடுத்த ஆண்டே, 16,000-க்கு மேற்பட்ட பெட்டகங்களைச் சுமக்கும் 'ஆனெ மெர்ஸ்க்' கடலேறியது. மெத்தனாலுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அது சாதாரண வெப்பநிலையில் நீர்மமாகவே இருக்கும். கடுங்குளிர்த் தொட்டிகள் வேண்டா. ஆனால் அதன் ஆற்றல் குறைவு. ஒரு டன் எண்ணெய் செய்யும் வேலைக்கு இரண்டு டன்னுக்கு மேல் மெத்தனால் வேண்டும். தொட்டியும் இரண்டேகால் மடங்குக்கு மேல் பெரிதாக வேண்டும். அந்த இடம் சரக்குக்கு உரிய இடத்திலிருந்தே எடுக்கப்படும்.

மெத்தனால் என்னும் பெயரைத் தமிழ் மக்கள் துயரத்தோடு அறிவர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்ததும் அதே பொருள்தான். கண்ணொளியைப் பறிப்பதும், உயிரைப் போக்குவதும் அதன் இயல்பு. அது எரியும்பொழுது சுடர் பகலொளியில் கண்ணுக்குப் புலப்படுவதும் அரிது. ஆகவே எஞ்சின் அறையில் மெத்தனால் ஓடும் குழாய்கள் இரட்டைச் சுவருள்ளவையாக அமைகின்றன. உட்குழாய் கசிந்தால் வெளிக்குழாயில் உள்ள உணர்கருவி உடனே எச்சரிக்கும். எண்ணெய்க் கசிவைக் கண்ணாலும் கையாலும் அறிந்து பழகிய எஞ்சினியர், இங்குக் கருவியின் சொல்லை நம்பியே நடக்க வேண்டியவராகிறார்.

அம்மோனியாவின் நிலை இன்னும் கடினமானது. அதில் கரியே இல்லை. ஆதலின் எரிந்தால் கரியமில வாயு பிறப்பதில்லை. இதுவே அதன் தனிச்சிறப்பு. ஆனால் அது மெல்ல எரியும், எளிதில் பற்றாது, எரியும்பொழுது நைட்ரஸ் ஆக்ஸைடு சிறிதளவு உண்டானாலும், அது கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 270 மடங்கு தீங்கு விளைக்கும். அன்றியும், அம்மோனியா மூச்சை அடைக்கும் நச்சு. 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அது கசிந்தபொழுது, நள்ளிரவில் மீனவர் குடியிருப்புகளைவிட்டு மக்கள் ஓடியதும், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் நினைவிருக்கும். நிலத்தில் ஓட இடமுண்டு; நடுக்கடலில் கப்பலைவிட்டு எங்கே ஓடுவது? இத்தனை இடையூறுகளுக்கிடையிலும் முயற்சி நிற்கவில்லை. ஃபின்லாந்து நாட்டு நிறுவனமான வார்ட்சிலா 2023-இன் இறுதியில் அம்மோனியாவை ஏற்கும் நான்கு வீச்சு எஞ்சினை விற்பனைக்கு அறிவித்தது. ஜப்பானில் 2015-ஆம் ஆண்டு நீர்ம வாயுவினால் ஓடத் தொடங்கிய 'சகிகாகே' என்னும் இழுவைக் கப்பல், 2024-இல் அம்மோனியாவுக்கு மாற்றப்பட்டுத் துறைமுகப் பணியில் ஈடுபட்டது. ஒரே கப்பல் தன் வாழ்நாளில் ஓர் எரிபொருளைவிட்டு மற்றொன்றை ஏற்றது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இவ்விடத்தில் நேயர்கள் ஓர் ஐயத்தை எழுப்பலாம். எஞ்சின் எதையும் ஏற்கும் என்றால், அதனாலேயே புகை குறைந்துவிடுமா? குறையாது. இதுவே இப்பொருளின் நடுநாயகமான உண்மை. இரு எரிபொருள் எஞ்சினைப் பொருத்திய கப்பல், தன் 25 ஆண்டுக்கால வாழ்விலும் பழைய எண்ணெயையே எரித்துக்கொண்டிருக்கலாம். அதனைத் தடுக்க எஞ்சினுக்கு வாயில்லை. அவ்வாறே, மெத்தனாலை எரிப்பதனாலும் பயனில்லாமல் போகலாம். இன்று உலகில் தயாராகும் மெத்தனாலில் மிகப் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் செய்யப்படுகிறது. அம்மோனியாவின் நிலையும் அதுவே. அவற்றை எரித்தால், புகையைக் கடலில் விடாமல் நிலத்தில் உள்ள தொழிற்சாலையில் விட்டதாகவே முடியும். சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் உண்டாக்கி, அதனால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதிலிருந்து செய்யும் பசுமை மெத்தனாலும் பசுமை அம்மோனியாவுமே மெய்யான பயனைத் தருவன.

அவை போதிய அளவு உண்டா? 2025-இல் டென்மார்க்கின் காசோ என்னும் ஊரில் இவ்வகை மெத்தனால் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. அதன் ஆண்டு உற்பத்தி 42,000 டன். பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்களில் ஓரிரண்டுக்கே அது காணும். கடலில் ஓடும் பெருங்கப்பல்களோ பல்லாயிரம். விலையும் பழைய எண்ணெயைவிட இரு மடங்குக்கும் மேல். ஆகவே, அடுப்பு முன்னதாகவே வந்துவிட்டது. அதில் இடவேண்டிய நல்ல விறகுதான் இன்னும் காட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறது. முந்தி வந்த அடுப்பை வீண் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. எரிக்கக் கப்பல் இல்லை என்றால் எரிபொருள் ஆலையில் பணமிட எவரும் முன்வரார். எரிபொருள் இல்லை என்றால் கப்பல் கட்டவும் எவரும் துணியார். இந்த இரட்டைத் தயக்கத்தை ஓரளவு உடைத்தது என்பதே இவ்வெஞ்சினின் பெருஞ்சேவை. எண்ணெயிலும் ஓடும் என்ற உறுதி இருந்ததனால்தான் முதலாளிகள் துணிந்து கப்பல்களைக் கட்டினர். புதியன கட்டுவதோடு, பழையனவற்றை மாற்றுவதும் நடக்கிறது. 2024-இல் 'மெர்ஸ்க் ஹாலிஃபாக்ஸ்' என்னும் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பலின் எஞ்சின் சீனத்துக் கப்பல் தளமொன்றில் மெத்தனாலையும் ஏற்குமாறு மாற்றியமைக்கப்பட்டது.

மீதிப் பணி எஞ்சினியருடையதன்று, சட்டத்தினுடையது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் தன் துறைமுகங்களுக்கு வந்துபோகும் பெரிய கப்பல்களின் கரியமில வாயுவுக்கு விலை விதித்தது. 2025 முதல், எரிபொருளின் தோற்றம் தொடங்கி எரிவது வரையுள்ள மொத்தத் தீங்கையும் கணக்கிட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றும் விதித்தது. உலகனைத்துக்கும் பொதுவான விதியொன்றை 2025 ஏப்ரலில் சர்வதேசக் கடல்சார் நிறுவனம் வகுத்தது. அதை முறைப்படி ஏற்பதற்காக அக்டோபரில் லண்டனில் கூடிய நாடுகள், கருத்து வேற்றுமையால் முடிவை ஓராண்டு தள்ளிவைத்தன. பசுமை எரிபொருளுக்கு ஆலை அமைக்கப் பணத்தோடு காத்திருந்தவர்களுக்கு இந்த ஒத்திவைப்பு பெரும் இடி. ஏழை நாடுகளின் உணவுப் பண்டங்களுக்குக் கப்பற்கூலி ஏறிவிடலாகாது என்னும் கவலையும் புறக்கணிக்கத்தக்கதன்று. இவ்விரண்டையும் நிறைசெய்து முடிவு காண்பதில்தான் அரசியலறிஞரின் திறமை விளங்கும்.

நம் நாட்டில் இத்துறையில் நிகழ்வனவற்றையும் சுருங்கக் காண்போம். காந்தளா, பாரதீப், தூத்துக்குடி ஆகிய மூன்று துறைமுகங்களைப் பசுமை ஹைட்ரஜன் மையங்களாக வளர்க்க மத்திய அரசு தேர்ந்தெடுத்துள்ளது. 2025 செப்டம்பரில் தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகத்தில் ஒரு சிறு பசுமை ஹைட்ரஜன் நிலையம் தொடங்கப்பட்டது. 750 கன மீட்டர் கொள்ளும் பசுமை மெத்தனால் நிரப்பு நிலையத்துக்கும் அப்பொழுதே அடிக்கல் நாட்டப்பட்டது. காந்தளாவுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே பசுமை எரிபொருளால் ஓடும் கரையோரக் கப்பல் வழி அமைப்பதே இதன் நோக்கம். கூர்ச்சரத்தில் வாழும் தமிழர்களுக்கு இச்செய்தி இனிக்கும் என்று நம்புகிறோம். அவர்கள் வாழும் மாநிலத்தின் துறையையும் தாய்நாட்டின் துறையையும் இணைக்கும் வழி இது. சிதம்பரனார் கப்பல் விட்ட அதே துறையில், நிலக்கரியின் காலத்துக்குப் பின்னர் எண்ணெயின் காலமும் கழிந்து, மூன்றாவது காலம் தோன்றுவதற்கான அடிக்கல் இடப்பட்டிருப்பது பொருத்தமே. கொச்சிக் கப்பல் தளத்தில் நீர்ம வாயுவையும் ஏற்கும் 6 சரக்குப் பெட்டகக் கப்பல்களைக் கட்டுவிக்கப் பிரெஞ்சு நிறுவனமான சி.எம்.ஏ. சி.ஜி.எம். 2025 அக்டோபரில் விருப்பம் தெரிவித்துக் கையொப்பமிட்டது. தகேஜ், ஹசீரா, கொச்சி, எண்ணூர் முதலிய இடங்களில் நீர்ம வாயு இறக்கும் நிலையங்கள் ஏற்கெனவே உண்டு.

யந்திரத்தையும் துறைமுகத்தையும் பற்றிப் பேசும்பொழுது மனிதரை மறத்தலாகாது. உலகக் கப்பல்களில் பணிபுரிவோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இந்தியர். அவருள் தமிழரும் பலர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்துக்கு மும்பை, கொல்கத்தா, கொச்சி, விசாகப்பட்டினம் ஆகிய நகரங்களிலும் கல்லூரிகள் உண்டு. கொல்கத்தாவில் 1949-இல் தொடங்கிய கப்பல் எஞ்சினியரிங் கல்லூரியும் இன்று அதன் அங்கமே. வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்ப் பெற்றோர் தம் மக்களைக் கப்பல் எஞ்சினியரிங் படிக்கச் சேர்க்கும்பொழுது, இப்புதிய எரிபொருள்களைக் கையாளும் பயிற்சி அங்கு எவ்வாறு தரப்படுகிறது என்பதையும் விசாரித்தறிதல் நலம். வாயு முதலிய எளிதில் தீப்பற்றும் எரிபொருளால் ஓடும் கப்பல்களுக்கெனச் சர்வதேச விதித்தொகுப்பு ஒன்று 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அவற்றில் பணிபுரிவோர் தனிப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருத்தல் கட்டாயம். இன்றைய மாணவன் தலைமை எஞ்சினியராகும்பொழுது, எண்ணெயை மட்டுமே அறிந்தவனுக்குக் கப்பலில் இடம் சுருங்கியிருக்கும். மூன்று நான்கு எரிபொருள்களின் குணமும் ஆபத்தும் அறிந்தவனுக்கு விரிந்திருக்கும். அவனுடைய உயிர்க்காப்பும் அந்த அறிவையே பொறுத்தது.

அன்று நிலக்கரியைவிட்டு எண்ணெய்க்கு மாறியபொழுது, மலிவும் வேகமும் மனிதரை இழுத்துச் சென்றன. இன்று வேண்டும் மாற்றத்துக்கு அத்தகைய இழுப்பு இல்லை. புதிய எரிபொருள் விலை மிகுந்தது, இடம் மிகுதியாகக் கொள்வது, ஆபத்தும் உடையது. ஆதாயம் கருதி இம்மாற்றம் தானே நிகழாது; நாடுகள் கூடி விதி செய்து நிகழ்த்தினால்தான் நிகழும். எத்தனை எரிபொருளை ஏற்கும் எஞ்சின் என்று கேட்பதோடு நில்லாமல், ஓராண்டில் அது மெய்யாகவே எதனை எவ்வளவு எரித்தது என்று கேட்டு, அக்கணக்கின்படியே கப்பலைப் புகழவும் வரிவிதிக்கவும் வேண்டும். அத்தகைய விதி உலகனைத்துக்கும் பொதுவாக வரும் நாளில், இன்று கட்டப்படும் கப்பல்கள் அதற்கு ஆயத்தமாக இருக்கும்.